ஃப்ரிபூரில் ஐந்து நாட்கள்: பழைய சிந்தசைசர்களைத் தேடி

முதல் நாள், வியாழன்

சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருப்பதால், பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிய அரை மணி நேரத்தில் பெர்ன் நகரத்துக்கு வண்டி ஏறிவிட்டேன். தங்கை மகன் பெர்னில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் தங்கிக்கொண்டு, அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலாகும் ஃப்ரிபூருக்குத் தினமும் போய்வருவதாக ஏற்பாடு. நடைமேடையில் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே, "இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் பனிமலை பார்ப்பார்கள், நீங்கள் பழைய கீபோர்டு பார்க்க வந்திருக்கிறீர்களே மாமா" என்றான். அதற்கு ரயிலடியில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது என்பதால் சிரித்துவைத்தேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

1984 முதல் 1997 வரை திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். பிறகு பிழைப்புக்காகக் கணக்கு எழுதப் போய், இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் குழுவின் உரிமையாளர், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழையதாக வாங்கிய கோர்க் பாலிசிக்ஸ்தான் நான் முதலில் தொட்ட சிந்தசைசர், அதாவது மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கும் கீபோர்டு. 1981இல் சந்தைக்கு வந்த கருவி அது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள், நாமே அமைத்த 32 ஒலிகளைச் சேர்த்துவைக்கும் நினைவகம் என்று அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் அது ஓர் அதிசயம். 1991ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஓர் அம்மன் கோயில் திருவிழா மேடையில், கச்சேரிக்கு அரை மணி நேரம் இருக்கையில் ஸ்விட்சைப் போட்டால், சேர்த்துவைத்திருந்த ஒலிகளில் ஒன்றுகூட இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் ஊளை ஒன்று கிளம்பியது, கையை எடுத்தாலும் அது நிற்கவில்லை. மறுநாள் ஒரு பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனோம். அவர் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூளை போய்விட்டது" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். கருவி எடைக்குப் போயிற்று. அதன் பக்கப் பலகைகளில் ஒன்றை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் அது என் வீட்டில் புத்தகத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதை யாராவது எனக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். மருமகனிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

ஃப்ரிபூர் இரண்டு மொழிகளின் எல்லையில் இருக்கும் ஊர். ரயில் நிலையப் பலகையிலேயே பிரெஞ்சில் ஒரு பெயரும் ஜெர்மனில் ஒரு பெயரும் எழுதியிருக்கின்றன. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய மதுவாலை இருக்கிறது. கார்டினல் என்ற பெயரில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த அந்த ஆலை 2011இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஃப்ரிபூர் நகரமும் கான்டன் என்ற மாநில அரசும் சேர்ந்து இடத்தை வாங்கி, புளூஃபேக்டரி என்று பெயர் வைத்துப் புதுத் தொழில்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் கொடுத்திருக்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் மின்னிசைக் கருவி அருங்காட்சியகம், அதன் சுருக்கப் பெயரில் எஸ்.எம்.இ.எம்., அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டியும் மஞ்சள் விளக்கும் மனத்தில் வரும். இங்கே இருப்பது கிடங்கு. தரையிலிருந்து கூரைவரை இரும்பு அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு கருவிகள், நடுவில் ஒருவர் நடக்கும் அளவுக்குச் சந்து. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். க்ளெமென்ஸ் நிக்லாஸ் டிரெங்க்லே என்ற ஒரு தனி மனிதர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தவைதான் இதன் அடித்தளம் என்று தெரிந்தபோது, ஒரு வீட்டில் இத்தனையையும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் எங்கே படுத்திருப்பார்கள் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு மணம். சூடேறி ஆறிய பழைய பிளாஸ்டிக்கும் மரத்தூசியும் கலந்த அந்த மணம், பழைய ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

சுற்றிக்காட்டிய பெண் தன்னார்வலர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இங்குள்ள கருவிகளில் பெரும்பாலானவை அவரைவிட மூத்தவை. அடுக்குகளில் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை வீட்டு ஆர்கன்கள். இரண்டு வரிசைக் கட்டைகளும் காலால் மிதிக்கும் பலகைகளும் கொண்ட அவற்றை ஒரு காலத்தில் ஐரோப்பிய நடுத்தர வர்க்கம் தவணையில் வாங்கி வரவேற்பறையில் வைத்தது. இப்போது இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துப் போக ஆளில்லை. சிந்தசைசர் பித்தர்கள் அவற்றை ஒரு பொருட்டாக மதிப்பதும் இல்லை. அவற்றையும் விடாமல் வைத்திருப்பதுதான் இந்தச் சேகரிப்பின் பெருந்தன்மை என்று எனக்குப் பட்டது. விலை ஏறியவற்றை மட்டும் சேர்ப்பதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை, பணக்காரர் ஒருவர் போதும்.

நான் நின்று பார்த்தவற்றில் மிகச் சிறியது காசியோ வி.எல்.-1. ஓர் அடி நீளமே இருக்கும் அந்தப் பொருள் பாதி கால்குலேட்டர், பாதி கீபோர்டு. கட்டைகள் என்று சொல்லப்படுபவை வெறும் பொத்தான்கள். இதில் ஒலியை நாமே அமைக்க வேண்டுமானால் கால்குலேட்டர் பக்கத்தில் எட்டு இலக்க எண் ஒன்றைப் போட்டு நினைவில் வைக்க வேண்டும். முதல் இலக்கம் ஒலியின் வகையைத் தீர்மானிக்கும், அடுத்தடுத்த இலக்கங்கள் ஒலி எவ்வளவு வேகமாக எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி அடங்குகிறது, எவ்வளவு நடுங்குகிறது என்பவற்றை. தொலைபேசி எண்ணைப் போட்டால் அந்த எண்ணுக்கு உரிய நாதம் வரும். கால் நூற்றாண்டு எண்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதைவிட எனக்கு ஏற்ற வாத்தியம் வேறு இருக்க முடியாது.

இன்னோர் அடுக்கில் சாம்பல் நிறத்தில் ரோலண்ட் டி.பி.-303 இருந்தது. 1981இல் வந்தது. தனியாகக் கிட்டார் வாசிப்பவர்களுக்குத் துணையாக பேஸ் கிட்டார் வாசித்துக்கொடுக்கும் பெட்டி என்று விற்கப்பட்டு, யாருக்கும் பிடிக்காமல், சுமார் பத்தாயிரம் செய்யப்பட்டதோடு 1984இல் நிறுத்தப்பட்டது. பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவே இல்லை என்பதுதான் காரணம். பின்னர் சிக்காகோ நகரத்து இளைஞர்கள் அதைப் பழைய பொருள் கடைகளில் சல்லிசாக வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகி ஒரு தனி நடன இசையையே உண்டாக்கினார்கள். ஆனால் அவர்களுக்கும் முன்பே, 1982இல், பம்பாயில் திரையிசைக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங் அதே 303ஐயும் ரோலண்டின் டி.ஆர்.-808 தாளப் பெட்டியையும் ஜூபிடர்-8ஐயும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை நடனத் தாளத்தில் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். அப்போது அது கவனிக்கப்படவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகுதான் ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அந்தப் பெண்ணே சொல்லிமுடித்துவிட்டார். ராகப் பெயர்களை உச்சரிப்பதில் மட்டும் நான் உதவினேன்.

கடைசியாக, இவற்றையெல்லாம் யாராவது வாசிப்பார்களா என்று கேட்டேன். கருவியைத் தொடாமல் வைத்திருந்தால் அதில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கபாசிட்டர்கள் காய்ந்துபோகின்றன, ஸ்விட்சுகளில் களிம்பு ஏறுகிறது, எப்போதாவது மின்சாரம் பாய்வதுதான் பல கருவிகளுக்கு நல்லது என்றார். ஆனால் மின்சாரம் பாய்ச்சும்போதுதான் சில கருவிகள் புகைவிடவும் செய்கின்றன என்று அவரே சேர்த்துக்கொண்டார். நாகஸ்வரத்தின் சீவாளியைப் போல் மாற்றிக்கொள்ளக்கூடிய உறுப்பாக இருந்தால் கவலையில்லை, இங்கே பழுதாகும் பல சில்லுகளைச் செய்த தொழிற்சாலையே இன்று இல்லை.

நாளைக்கு வாசிப்பறையில் இரண்டு மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், சனி

வாசிப்பறை என்பது கிடங்கிலிருந்து தேர்ந்தெடுத்த கருவிகளை மேசைகளில் வரிசையாக வைத்து, நேரம் பதிவு செய்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வாசிக்க விட்டிருக்கும் இடம். தொடாதே என்ற பலகை எங்கும் இல்லை. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் தாளப் பெட்டி ஒன்றின் முன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிரான்சின் லியோனிலிருந்து வந்ததாகச் சொன்ன இருவர், புராஃபெட்-5 என்ற சிந்தசைசரின் முன்னால் நின்று அதை வாசிக்காமல் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 1978இல் வந்த அந்தக் கருவியின் முதல் இரண்டு பதிப்புகளில் ஒரு நிறுவனத்தின் சில்லும், மூன்றாம் பதிப்பில் வேறொரு நிறுவனத்தின் சில்லும் இருக்கின்றன. முந்தையதுதான் நாதம், பிந்தையது வெறும் சத்தம் என்பது ஒருவர் கட்சி. மார்கழிக் கச்சேரி முடிந்து சபா கேன்டீனில் பாணியைப் பற்றி நடக்கும் சண்டையை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

நான் முதலில் மினிமூக் முன் உட்கார்ந்தேன். 1970இல் மூக் நிறுவனம் கொண்டுவந்த இந்தக் கருவிக்கு 44 கட்டைகள்தான். அதுவரை சிந்தசைசர் என்றால் ஒரு சுவரையே அடைக்கும் பீரோவாக, ஒவ்வோர் ஒலிக்கும் வயர்களைப் பிடுங்கிச் சொருக வேண்டியதாக இருந்தது. மேடைக்குத் தூக்கிப் போகும் வடிவத்துக்கு அதைச் சுருக்கியது இதுதான். உள்ளே மூன்று ஆசிலேட்டர்கள், அதாவது ஒலியலையைப் பிறப்பிக்கும் மூன்று சுற்றுகள். மூன்றையும் ஒரே சுருதியில் வைத்து, ஒன்றை மயிரிழை அளவு விலக்கினால், இரண்டு தம்புராக்களைச் சேர்த்து மீட்டும்போது எழும் அந்த அலைவு வருகிறது. அதன் பிறகு ஃபில்டர் என்ற குமிழைத் திருப்பினால், ஒலியின் மேற்பகுதி கரைந்து, திறந்த வாய் மெல்ல மூடிக்கொள்வதுபோல் நாதம் உள்ளடங்குகிறது. எத்தனையோ மென்பொருள்களில் இந்தக் குமிழின் படத்தை எலியால் திருப்பியிருக்கிறேன். விரல் அளவு கனமான உண்மையான குமிழைத் திருப்புவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை என் மணிக்கட்டு உடனே கண்டுகொண்டது.

ஸ்விட்ச் போட்டு அரை மணி நேரமாவது சூடேறினால்தான் சுருதி நிற்கும் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் உட்கார்ந்தபோது அது இன்னும் முழுதாகச் சூடேறவில்லை போலும். ஆதார ஷட்ஜம் என்று நான் வைத்துக்கொண்ட ஒலி பத்து நிமிடத்தில் தெரிந்தே நகர்ந்தது. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை, வார்பிடித்து மிருதங்கத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் எந்த வித்துவான் வாசித்திருக்கிறார்?

ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் ஒலிக்கும். மேலைநாட்டு வாசிப்பவர்கள் இதைப் பற்றாக்குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பற்றாக்குறை நாகஸ்வரத்துக்கும் உண்டு. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. பழக்கத்தில் ஷட்ஜக் கட்டையின் மேல் கட்டைவிரலைப் பாதி அழுத்தியபடியே காந்தாரத்தைத் தொட்டேன், காந்தாரம் வரவில்லை. கட்டை பழுதென்று நினைத்து மறுபடி அழுத்தினேன். இரண்டு கட்டைகள் ஒன்றாக அழுந்தினால் கீழ் ஸ்வரத்துக்கே முன்னுரிமை என்பது மினிமூக்கின் விதி என்று பிறகுதான் உறைத்தது. விரலைச் சுத்தமாக எடுத்தால்தான் அடுத்த மேல் ஸ்வரம். பதின்மூன்று ஆண்டு மேடைப் பழக்கத்தில் என் விரல்கள் எவ்வளவு சோம்பேறியாகியிருந்தன என்பதை ஒரு பெட்டி பத்து நிமிடத்தில் எனக்குக் காட்டிவிட்டது.

இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருக்கிறது. பிற்காலக் கருவிகளில் இந்தச் சக்கரத்துக்குள் ஒரு சுருள்வில் இருக்கும், கையை விட்டால் படக்கென்று நடுவுக்குத் திரும்பிவிடும். ஸ்வரத்தை அசைத்துக் கமகம் வாசிக்க முயன்ற ஒவ்வொரு தமிழ்க் கீபோர்டுகாரரும் அந்த வில்லோடு மல்லுக்கட்டியவர்தான். மினிமூக்கில் அந்த வில் இல்லை. வைத்த இடத்தில் சக்கரம் நிற்கிறது. தோடியின் காந்தாரத்தை அதன் இடத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவில் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். வீணை என்று யாரும் ஏமாற மாட்டார்கள், ஆனாலும் எனக்கு அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

பக்கத்து மேசைக்காரர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, உங்கள் நாட்டில் இதெல்லாம் எப்போது வந்தது என்று மரியாதையோடு கேட்டார். மினிமூக் சந்தைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே, 1969இல், அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு பெரிய மூக் வந்திறங்கிவிட்டது என்றேன். அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து அதை நிறுவிக்கொடுத்தார். பக்வாஜ் என்ற வடநாட்டு மத்தளம் பயின்ற கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் 1972 வரை அங்கே பதிவுகள் செய்தார்கள். அந்த நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, அண்மையில்தான் மீட்டெடுக்கப்பட்டு வெளியாயின. அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

மீதி நேரத்தை யமஹா டி.எக்ஸ்.-7இடம் கொடுத்தேன். எண்பதுகளின் பிற்பகுதித் தமிழ்த் திரையிசையில் வளர்ந்தவர்களுக்கு, மணியோசை கலந்த அந்த எலெக்ட்ரிக் பியானோ ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும் ஒலி தெரியும். 1983இல் வந்த இந்தக் கருவியில் குமிழே இல்லை. வரிசையாகச் சவ்வுப் பொத்தான்கள், ஒரு சின்னத் திரை, இரண்டு நகர்த்திகள். அதனால்தான் எங்கள் ஊரில் யாரும் இதில் புது ஒலி செய்யவில்லை, உள்ளே இருந்ததையே எல்லாரும் வாசித்தோம்.

இதன் அடிப்படைக் கருத்து பிறந்த விதம் நம் இசை தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணினியில் ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நொடிக்கு ஐந்தாறு முறை அசைந்தால் அது அசைவாகக் கேட்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் காதால் அசைவைத் தனியே பிரித்துக் கேட்க முடியவில்லை, அந்த அசைவே வேறொரு நாதமாக, மணியாகவும் பித்தளையாகவும் மாறிக் கேட்கிறது. கம்பிதம் என்ற ஸ்வர அசைவை மனிதக் கை எட்டாத வேகத்தில் செய்தால் வாத்தியமே மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டி.எக்ஸ்.-7இன் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இப்படி ஆறு அலைகள். எது எதை அசைக்க வேண்டும் என்பதற்கு 32 அமைப்புகள், அவற்றின் படம் கருவியின் மேற்பரப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. எத்தனையோ இரவுகள் கண்முன்னே கிடந்த அந்தப் படத்தை நான் ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு அமைப்பை எடுத்து, அசைக்கும் அலையின் அளவைச் சுழியிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூட்டினேன். முதலில் புல்லாங்குழல் போன்ற வெறும் அலை. அறுபதை ஒட்டி ஒரு மரத்தன்மை. எழுபதைத் தாண்டியதும் உலோகம். தொண்ணூறுக்கு மேல் ஓட்டைத் தகரம். இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டதென்று வந்து தோளைத் தொட்டார்கள்.

பாலிசிக்ஸ் இங்கே உண்டா என்று விசாரித்தேன். வாசிப்பறையில் இப்போது இல்லை என்றார்கள். ஆனால் லியோன்காரர்களோடு விவாதித்து முடித்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியராம், தன் வீட்டில் இரண்டு இருப்பதாகச் சொன்னார். இரண்டும் செத்தவையா என்று கேட்டேன். ஒன்றரை உயிர் என்றார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று சிந்தசைசர் இல்லை என்று மருமகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கைக் காப்பாற்றினேனா என்பது தெரியவில்லை.

ஃப்ரிபூரின் கீழூரையும் மேலூரையும் இணைக்கும் ஒரு சின்ன இழுவை ரயில் இருக்கிறது. 1899 முதல் ஓடும் அதற்கு மின்சாரமோ டீசலோ கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஊரின் கழிவுநீரை நிரப்புகிறார்கள், அந்த எடையில் அது இறங்க, கம்பியின் மறுமுனையில் கட்டிய பெட்டி ஏறுகிறது. மணம் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. மருமகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு புனித நிக்கலஸ் பேராலயம். 74 மீட்டர் உயரக் கோபுரத்தைப் பார்க்க அவன் கூட்டிப் போனான், நான் பின்பக்கம் திரும்பி ஆர்கனைப் பார்த்தேன். ஃப்ரிபூரைச் சேர்ந்த அலோயிஸ் மூசர் பத்து ஆண்டுகள் உழைத்து 1834இல் முடித்தது. 1836இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டோடு இந்த ஊருக்கு வந்த பியானோ மேதை லிஸ்ட் அதில் வாசித்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்துப் பயணிகள் கூட்டமாக வந்தது லிஸ்டுக்காக இல்லை. ஆலயத்தின் ஆர்கன் வித்துவானாக இருந்த ஜாக் வோக்ட், மேய்ச்சல் நிலத்தில் இடிமழை வந்து ஓய்வதை இந்தக் குழாய்களில் வாசித்துக்காட்டுவார், அதைக் கேட்கத்தான். தகரத்தையும் மரத்தையும் காற்றையும் வைத்து இடி. இசையை விட்டுவிட்டு வேடிக்கை காட்டுகிறார் என்று அன்றும் யாராவது அலுத்துக்கொண்டிருப்பார்கள். குழாய் ஆர்கனில் ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கும் கட்டைகளை அண்ணாந்து பார்த்தபோது, நேற்றைய அறையில் இருந்த பெட்டிகளின் பாட்டனார் வீட்டுக்கு வந்திருப்பதாகவே தோன்றியது.

திரும்பும் வழியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் ழான் தாங்கெலியின் நீரூற்று. இந்த ஊரில் 1925இல் பிறந்த அவர், கடகடவென்று ஓசையிடும் இரும்பு யந்திரங்களைச் சிற்பமாகச் செய்தவர். சக்கரங்களும் குழாய்களும் தண்ணீரைத் தாறுமாறாக வீசிக்கொண்டிருந்தன. சொல்லிவைத்தாற்போல மழையும் வந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்

பெரியவரின் வீடு ஃப்ரிபூரிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். நிலவறையில் பட்டறை. மேசை விளக்கு, பற்றவைக்கும் கோல், மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப், ஊறுகாய் பாட்டில்கள். பாட்டில்களில் இருந்தது அசிட்டோன், அதற்குள் கறுப்பாகச் சில துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. ரோலண்ட் ஜூனோ-106இன் ஒலிச் சில்லுகள் என்றார். 1984இல் வந்த அந்தக் கருவிக்கு ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள்; குரலுக்கு ஒரு சில்லு. சில்லைப் பாதுகாக்கவென்று அதன் மேல் பூசிய கறுப்புப் பூச்சே காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிட்டுச் சில்லைக் கெடுக்கிறது. இரண்டு மூன்று நாட்கள் ஊறவைத்துப் பூச்சை உரித்தெடுத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடுகிறது.

அலமாரியில் ஒரு கைப்பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் 1971இல் கொண்டுவந்த சிந்தி. வயர்களுக்குப் பதிலாக நீளத்தில் 16, அகலத்தில் 16 என்று துளைகள் கொண்ட ஒரு கட்டம். எந்த வரிசையும் எந்த நிரலும் சந்திக்க வேண்டுமோ அந்தத் துளையில் ஓர் ஊசியைச் செருக வேண்டும். என்னைச் செருகச் சொன்னார். எங்கோ ஒன்றைச் செருகினேன், நிலவறை முழுவதும் தவளைகள் கத்தின. அதற்கு அடுத்த தட்டில் இருந்தது ராணுவ வாக்கி-டாக்கியின் அண்ணன் போன்ற ஒன்று. பெயர் பாலிவோக்ஸ், 1982 முதல் உரால் மலைப் பகுதியின் கச்கனார் என்ற ஊரில் செய்யப்பட்ட சோவியத் சிந்தசைசர். சுற்றுகளை அமைத்த விளாதிமிர் குஸ்மினின் மனைவி ஒலிம்பியாதாதான் அதன் தோற்றத்தை வடிவமைத்தார், சோவியத் ராணுவ வானொலிப் பெட்டிகளை மனத்தில் வைத்து. ஒலியும் தோற்றத்துக்கு ஏற்ற முரட்டுத்தனம். இதையெல்லாம் நான் அரை மனத்தோடு கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேசைக்கு அடியில், துணி போர்த்தி, எனக்குத் தெரிந்த ஒரு மரப்பக்கம் தெரிந்துகொண்டிருந்தது.

துணியை எடுத்தார். முகப்பின் நீலக் கோடுகள் நான் நினைவில் வைத்திருந்ததைவிட மங்கல். திருகுகளைக் கழற்றி முகப்பை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, இடது பக்கத்துப் பலகை ஒன்றைக் கைவிளக்கால் காட்டினார். கருவியின் நினைவகமும் கட்டைகளைக் கண்காணிக்கும் கணினிச் சில்லும் அந்தப் பலகையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில், சேர்த்துவைத்த ஒலிகள் மறக்காமல் இருப்பதற்காக, விரற்கடை அளவில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளில் அது கசியும். கசிந்த காரம் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். பேட்டரி இருந்த இடத்தைச் சுற்றி, மழைக்கால வெண்கலப் பாத்திரத்தில் பூப்பதைப் போலப் பச்சையாகப் பூத்திருந்தது. கோடுகள் அங்கங்கே அறுந்து, ஒரு சில்லின் கால்கள் கறுத்துப் பொடிந்திருந்தன. முதலில் சேமித்த ஒலிகள் போகும், பிறகு கட்டைகள் தப்பும் தவறுமாகப் பேசும், கடைசியில் ஊளையிடும் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆடி மாதத்து மேடையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொன்னார்.

சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். வெள்ளை வினிகரைத் தொட்டுப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் காரத்தை முறிக்க வேண்டும், ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அறுந்த கோடு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய வயரால் பாலம் போட வேண்டும், நான்கைந்து மாலைநேர வேலை என்றார். அவ்வளவுதானா என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்ன என்பதுபோல் பார்த்தார். எங்கள் பாலிசிக்ஸை எடைக்குப் போட்டபோது எத்தனை கிலோ என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. பேட்டரி என்ற சொல்லை அன்று ஒருவரும் சொல்லவில்லை.

கசிந்த பேட்டரியை எடுக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார். கை நடுங்கியதால் இரண்டாம் காலைக் கழற்றக் கால் மணி நேரம் ஆயிற்று.

அவர் சொன்ன ஒன்றரை உயிரில் முழு உயிர் என்பது மாடியில் இருந்த மற்றொரு பாலிசிக்ஸ். அதுவும் முழு உயிர் இல்லை. ஆறு குரல்களில் ஆறாவதன் ஃபில்டர் சில்லு போய்விட்டது, அந்தச் சில்லு இப்போது எளிதில் கிடைப்பதில்லை, ஒன்று வரும்வரை இப்படித்தான் என்றார். அழுத்தும் கட்டைகளை இந்தக் கருவி முதல் குரல், இரண்டாம் குரல் என்று முறைவைத்துக் கொடுத்துக்கொண்டு போகும் என்பதால், எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஆறாவதாக வருவது ஊமை.

என்ன வாசிப்பதென்று தெரியாமல் சரளி வரிசையைத் தொடங்கினேன். ஸ ரி க ம ப என்று ஏறியது, தைவதத்தில் கட்டை மட்டும் கீழே போயிற்று, ஒலி இல்லை, நி ஸ் என்று தொடர்ந்தது. ஸ் நி த என்று இறங்கி வந்தால் பஞ்சமம் காணோம். இரண்டாம் சுற்றில் தைவதம் திரும்பி வந்திருந்தது, ரிஷபம் போயிருந்தது, மேல் ஷட்ஜமும். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்து எது விடுபடும் என்பதை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நான் மூன்றாம் காலத்துக்குப் போனேன்.